நாளைய மழை இலவசம்: கோர்டெக்ஸ் தரவைக் கொழும்பு மழையோடு வைத்துப் பார்த்தால்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து சதம் செலவில்லை. கோர்டெக்ஸ் தெற்காசியா என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் காலநிலைத் தரவுத் தொகுப்பைத்தான் சொல்கிறேன். மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஒரு கணக்குத் திறந்தால் போதும். இந்த நூற்றாண்டின் கடைசி வரைக்கும் கொழும்பில் நாளுக்கு எவ்வளவு மழை, எவ்வளவு சூடு என்று வரிசையாக இறக்கி எடுத்துக்கொள்ளலாம். கட்டடத் திட்டம், தேயிலைத் தோட்டம், நீர்வழங்கல், காப்புறுதி என்று எந்த அறிக்கையைப் புரட்டினாலும் இப்போது நடுவில் இதன் வரைபடம் ஒன்று இருக்கிறது. ஆனால் இது எப்படிப்பட்ட சரக்கு, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பாவித்தவர்கள் சொல்லக் கேட்பது குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காலநிலை விஞ்ஞானி அல்ல. வெள்ளவத்தையில் இருந்து வேலை செய்யும் வடிகால் எஞ்சினியர். மொட்டைமாடியில் விழும் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கி, எந்தக் கானில் ஓடி, எந்தக் கால்வாயில் சேரும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. கிருலப்பனைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வேலையில் காணிச் சொந்தக்காரர் கேட்டார்: "இன்னும் முப்பது வருசம் கழிச்சு வாற மழைக்கும் இந்தக் கான் தாங்குமா மிஸ்?" நியாயமான கேள்வி. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பரில் ஒரே இரவில் 440 மில்லிமீற்றர் அளவில் கொட்டி, பாராளுமன்ற வளவுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இரண்டையும் இதே ஊரில் இருந்து அனுபவித்தவர் அவர்.

சரி, சரக்கு என்ன? உலகம் முழுவதன் காலநிலையையும் கணினியில் கணிக்கும் மொடல்கள் பூமியை 100, 200 கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. அந்த அளவில் இலங்கை ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். சில மொடல்களில் நாடு கடலுக்குள்ளேயே போய்விடும். இதற்கு மாற்றாக, ஒரு வட்டாரத்தை மட்டும் எடுத்து, உலக மொடல் தரும் காற்று, ஈரப்பதன், வெப்பநிலை எல்லாவற்றையும் ஓரங்களில் ஊட்டி, உள்ளே நெருக்கமான கட்டங்களில் திரும்பக் கணிப்பதுதான் பிராந்திய காலநிலை மொடல். ஒவ்வொரு நாட்டு ஆய்வுக்குழுவும் தன் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்ததை ஒரே எல்லை, ஒரே கட்ட அளவு, ஒரே கோப்பு வடிவம் என்று ஒழுங்குபடுத்த உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டம் 2009இல் தொடங்கிய முயற்சியே கோர்டெக்ஸ். தெற்காசியப் பகுதியை ஒருங்கிணைப்பது புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம். இத்தாலியின் திரியஸ்தே நகரிலிருந்து வரும் ரெக்சிஎம்4, சுவீடனின் ஆர்சிஏ4, ஜெர்மனியின் ரெமோ என்று பல மொடல்கள் உள்ளே இருக்கின்றன. முதல் சுற்றில் கட்டம் 50 கிலோமீற்றர், அடுத்த சுற்றில் 25 கிலோமீற்றர். இறந்தகால ஓட்டம் (மொடலைக் கணினியில் இயக்கிப் பெற்ற கணிப்பு) 2005 வரைக்கும், அதற்குப் பிறகு எல்லாமே எதிர்காலக் காட்சிகள், அதாவது இனி இப்படிப் போனால் என்ன ஆகும் என்ற கணிப்புகள்.

50 கிலோமீற்றர் என்று கேட்கும்போது நெருக்கமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். ஒரு கட்டம் 2,500. ஆக முழு நாட்டுக்கும் இருபத்தாறு கட்டம் சொச்சம். யாழ்ப்பாணக் குடாநாடு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர்; ஒரு கட்டத்தில் பாதிகூடத் தேறாது. கொழும்பு கரையில் இருக்கிறது என்பதால் நம் கட்டத்தில் எவ்வளவு தரை, எவ்வளவு கடல் என்பது கட்டம் எங்கே வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. நான் எடுத்துப் பார்த்த மொடல்களில் ஒன்றில் கொழும்புக்கு மிக அருகிலிருந்த கட்டத்தின் நடுப்புள்ளி கடலில் விழுந்திருந்தது. பகலில் எவ்வளவு சூடு, இரவில் எவ்வளவு குளிர் என்ற வித்தியாசமே அதில் இல்லை. கடல் அப்படித்தான் நடந்துகொள்ளும், மொடலைக் குற்றம் சொல்ல முடியாது. அருகிலுள்ள கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மலைநாட்டில் நிலைமை இன்னும் மோசம். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஐம்பது கிலோமீற்றருக்குச் சராசரி எடுத்தால் அந்த மலை கரைந்து ஒரு மேடாகிவிடும். எங்கள் அப்பா வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அங்கே வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் பெரிய விஷயமில்லை. ஜூன், ஜூலையில் துணி காயாது. அங்கிருந்து வெலிமடைக்கு நேர்கோட்டில் ஐம்பது கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் அதே ஜூலையில் வெலிமடையில் காய்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு மலை தாண்டும் காற்று அது. இந்த இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் வந்தால் மொடல் என்ன செய்யும்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு மழையைக் கொடுத்துவிடும். வட்டவளைக்கும் பொருந்தாத, வெலிமடைக்கும் பொருந்தாத மழை. 25 கிலோமீற்றர் பதிப்பில் இந்தச் சிக்கல் குறைகிறது. மேற்குச் சரிவு ஈரம், கிழக்குச் சரிவு வறட்சி என்று ஓரளவுக்கு அடையாளம் தெரிகிறது. மலைநாட்டுக்காரர்கள் 50 கிலோமீற்றர் பதிப்பைத் தொடவே வேண்டாம் என்பேன்.

கோப்பைத் திறந்ததும் எக்செல் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. விஞ்ஞானிகள் பாவிக்கும் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவம், கட்டங்கள் சில மொடல்களில் சாய்ந்து கிடக்கும், நேரான அட்சரேகை தீர்க்கரேகை வரிசை கிடையாது. மழை மில்லிமீற்றரில் இருக்காது, ஒரு சதுர மீற்றரில் செக்கனுக்கு எத்தனை கிலோகிராம் என்று இருக்கும். 86,400ஆல் பெருக்கினால்தான் நாளுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று வரும். வெப்பநிலை கெல்வினில். இதெல்லாம் சின்ன விஷயம். என்னை உட்கார வைத்தது நாட்காட்டிதான். பிரிட்டனின் ஹட்ஜெம்2 என்ற உலக மொடலில் எல்லா மாதமும் முப்பது நாள், வருடம் 360 நாள். அந்த மொடல் ஊட்டிய பிராந்திய ஓட்டங்களும் அப்படியே. பெப்ரவரி 30ஆம் திகதி கொழும்பில் எவ்வளவு மழை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், கோப்பில் இருக்கிறது. இன்னொரு மொடலில் லீப் வருடமே இல்லை. ஒப்பிடுவதற்கு முன்னால் இதையெல்லாம் ஒரு வழிக்குக் கொண்டுவரவேண்டும்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். நமது வளிமண்டலவியல் திணைக்களத்தில் மழைமானியைக் காலை 8.30க்குப் பார்க்கிறார்கள், அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணித்தியால மழை அது. மொடலின் நாள் கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கும், நமக்கு அது காலை 5.30. மூன்று மணித்தியால வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் 16ஆம் திகதி காலை எழுதிய மழை உண்மையில் 15ஆம் திகதி பின்னேரம் பெய்தது என்பதைக் கவனிக்காவிட்டால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும்.

அப்புறம் ஒரு பெரிய குழப்பம். எங்கள் ஒபிசில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் மொடல் மழையையும் கொழும்பு மழையையும் நாளுக்கு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, 92 ஜூன் நாலாம் திகதி இதில ஒரு சொட்டு மழை இல்ல. இது பொய்த் தரவு."

பொய்த் தரவு இல்லை. உலக மொடல் ஊட்டிய ஓட்டத்துக்கு நிஜ 1992 எது என்று தெரியாது. அந்தக் காலத்துக் காற்றில் எவ்வளவு கரியமிலவாயு இருந்தது, எந்த எரிமலை வெடித்தது என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அன்றைய வானிலை கொடுக்கப்படவில்லை. அதன் 1992 அதற்கே சொந்தமான ஒரு 1992. ஆகவே திகதி திகதியாகப் பொருத்துவதில் அர்த்தமில்லை. இருபது முப்பது வருடத்தை மொத்தமாக எடுத்து, ஒக்டோபர் மழை எவ்வளவு, மழை நாட்கள் எத்தனை, மிகப்பெரிய மழைகள் எவ்வளவு என்று குணத்தைத்தான் ஒப்பிடவேண்டும். நிஜ வருடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி ஓட்டம் இருக்கிறது: மதிப்பீட்டு ஓட்டம். அவதானிப்புகளை உள்ளே சேர்த்து மீளக் கட்டிய ஈரா-இன்டெரிம் வளிமண்டலத்தை ஓரங்களில் ஊட்டி 1989 முதல் 2008 வரை ஓட்டியது அது. அதிலும் நாள் பொருந்தாது, ஏனென்றால் எல்லை மிகப் பெரிது, ஓரத்தில் கொடுத்தது நடுவுக்கு வருவதற்குள் மொடல் தன் போக்கில் போய்விடும். ஆனால் பருவங்கள் பொருந்தலாம். 1997இல் பலமான எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வும் (நம் கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, கிழக்குப் பக்கம் குளிர்வது) ஒன்றாக வந்தன. அப்படிப்பட்ட வருடங்களில் நமக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடுவது வழக்கம். மதிப்பீட்டு ஓட்டத்தில் 1997இன் கடைசி மூன்று மாதத்தைப் பார்த்தாலே அந்த மொடலுக்கு நம் கடல் புரிந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு யோசனை கிடைக்கும். எந்த மொடலையும் எடுக்குமுன் நான் செய்யும் முதல் பரீட்சை இப்போது இதுதான்.

இனி கொழும்பு மழைக்கு வருகிறேன். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர். இரண்டு உச்சம்: ஏப்ரல், மே ஒன்று; ஒக்டோபர், நவம்பர் இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரி வறட்சி. நான் வைத்துப் பார்த்த மொடல்களில் ஒன்றின் வருட மொத்தம் மழைமானியோடு அழகாக ஒத்துப்போனது. அதை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். மாதம் மாதமாகப் பிரித்தால் கதை வேறு. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மழையை அள்ளிக் கொட்டுகிறது. ஒக்டோபர், நவம்பரில் கையை இறுக்கிக்கொள்கிறது. கூடியதும் குறைந்ததும் ஒன்றை ஒன்று விழுங்கி, மொத்தம் சரியாக நிற்கிறது. கொழும்பில் கானை நிரப்புவது ஒக்டோபர் பின்னேர இடிமழைதான், ஜூலைத் தூறல் அல்ல. எனக்கு எது முக்கியமோ அதில்தான் அந்த மொடல் தவறுகிறது.

மழை நாட்களையும் எண்ணிப் பாருங்கள். இந்த வகை மொடல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வியாதி இருக்கிறது: நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்று கோடு போட்டாலும் மழைமானியைவிட நாட்கள் அதிகம். மறுபக்கம், நூறு, நூற்றைம்பது மில்லிமீற்றர் கொட்டும் நாட்கள் மிக அரிது. காரணம், ஓர் இடிமுகிலின் அகலம் சில கிலோமீற்றர்தான். 50 கிலோமீற்றர் கட்டத்துக்குள் அது எழுந்து, கொட்டி, அடங்குவதை மொடலால் நேரடியாகப் பார்க்க முடியாது. கட்டத்தின் மொத்த ஈரத்தையும் சூட்டையும் வைத்து, "இப்போது உள்ளே முகில் எழும்பியிருக்கும்" என்று ஒரு விதியால் ஊகிக்கிறது. கிரெல், இமானுவேல், டீட்கே என்று அந்த விதிகளை வகுத்தவர்களின் பெயரிலேயே பல திட்டங்கள். அவற்றில் பலவும் சூரியன் ஏறி நிலம் சூடானதும் அவசரப்பட்டு முகிலைக் கிளப்பிவிடுகின்றன. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தரவு கிடைத்த மொடலில் கொழும்பு மழையின் உச்சம் மத்தியானத்தை ஒட்டி நின்றது. ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் பாடசாலை விட்டு நிற்கும் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும், மழை அதற்குப் பிறகுதான் வரும் என்று.

இங்கே மொடலுக்காகவும் ஒரு வார்த்தை பேசவேண்டும். மொடல் தருவது 2,500 சதுர கிலோமீற்றரின் சராசரி மழை. மழைமானி காட்டுவது ஒரு சாண் அகலமான வாய்க்குள் விழுந்த மழை. கொழும்பில் 200 மில்லிமீற்றர் பெய்த நாளில் அவிசாவளையில் பத்துதான் பெய்திருக்கலாம். ஆகவே மொடலின் உச்சம் மழைமானியின் உச்சத்தைவிடக் குறைவாக இருப்பது ஒரு அளவுக்கு நியாயமே. கட்டத்துக்குள் வரும் எல்லா நிலையங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் தராசில் வைக்கவேண்டும். வடிகால் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பரப்பு கூடும்போது மழைச் செறிவைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அப்படிச் சமன்செய்த பிறகும் மொடலின் பெரிய மழைகள் குறைவாகவே நின்றன. அதுதான் உண்மையான குறை.

அவதானிப்பும் அப்படியொன்றும் வேதவாக்கல்ல. அப்பா வைத்திருந்த தோட்டத்து மழைப் பதிவேட்டின் சில வருடங்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. நீல மை, அங்குலக் கணக்கு, தினமும் காலையில் ஒபிஸ் திறந்ததும் அளந்து எழுதியது. மொடலோடு ஒப்பிடலாமென்று ஆசையாகத் தட்டச்சு செய்து ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே இல்லை! திங்கட்கிழமையில் மட்டும் தாறுமாறாக மழை. ஞாயிறு ஒபிஸ் பூட்டு. மழைமானியில் நின்ற இரண்டு நாள் தண்ணீரும் திங்கள் காலையில்தான் அளக்கப்பட்டது. மாத மொத்தத்துக்கு இதனால் பாதகமில்லை. ஒரு நாள் உச்ச மழையைத் தேடினால் எல்லா உச்சமும் திங்களில் வந்து நிற்கும். இன்னொரு பக்கத்தில் அப்பா ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "மானிக்கு மேலே கிளை வளர்ந்துவிட்டது, வெட்டச் சொல்லியாயிற்று." அந்தக் கிளை எத்தனை மாதமாக மழையைத் தடுத்ததோ. மொடலைத் திட்டுவதற்கு முன்னால் பதிவேட்டை இப்படி ஒருமுறை உலுக்கிப் பார்ப்பது நல்லது.

நிலையத் தரவு வேண்டுமென்றால் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி வாங்கலாம். கையில் காசில்லாத மாணவர்கள் இலவசக் கட்டத் தரவுகளை எடுக்கிறார்கள். செய்மதியையும் நிலையத்தையும் கலந்து 1981இலிருந்து வரும் சேர்ப்ஸ், ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5, ஜப்பானியரின் அஃப்ரோடைட்டி என்று பல உண்டு. மூன்றையும் ஒரே மாதத்துக்கு எடுத்து வைத்தால் மலைநாட்டில் மூன்றும் மூன்று கதை சொல்லும். ஈரா5 மழை தானே ஒரு மொடலின் மழைதான். அதை "அவதானிப்பு" என்று பெயரிட்டு இன்னொரு மொடலுக்குப் புள்ளி போடும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பிராந்திய மொடலை எவ்வளவு நெருக்கமாக ஓட்டினாலும் உலக மொடலின் குணம் போகாது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. உலக மொடலில் அரபிக் கடல் நிஜத்தைவிடக் குளிராக இருந்தால் தென்மேல் காற்று எடுத்துவரும் ஈரம் குறையும், கொழும்பு மழையும் குறையும். அதை 50இலிருந்து 25 கிலோமீற்றராக்கித் திருத்த முடியாது. அதனால் ஒரே பிராந்திய மொடலை இரண்டு மூன்று தாய் மொடல்களோடும், ஒரே தாயை இரண்டு மூன்று பிராந்திய மொடல்களோடும் எடுத்துப் பார்க்கவேண்டும். குறை எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் பிடிபடும். மதிப்பீட்டு ஓட்டத்தில் நன்றாக இருந்து, உலக மொடல் ஊட்டியதும் கெட்டுப்போனால் தாயில் பிழை. இரண்டிலும் கெட்டிருந்தால் பிள்ளையின் பிழை. கோர்டெக்ஸின் மிகப் பெரிய பலம் இந்தச் சோதனையை வீட்டிலிருந்தே செய்ய விடுவதுதான்.

குறையைத் திருத்தலாமா? திருத்தலாம், எல்லாரும் செய்கிறார்கள். மொடலின் மழை நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு, மழைமானியின் நாட்களையும் அப்படியே அடுக்கு, இதன் இத்தனையாவது இடத்துக்கு அதன் இத்தனையாவது இடத்து அளவைக் கொடு என்பதுதான் முறை. தூறல் நாட்கள் மறைந்துவிடும், பெரிய மழைகள் பெரிதாகும், வரைபடம் பளிச்சென்று வரும். இதை மாதம் மாதமாகச் செய்யாவிட்டால் ஜூலையின் பிழை ஒக்டோபர் தலையில் கட்டப்படும். மாதமாகச் செய்தாலும், திருத்தப் பயன்படுத்திய அதே வருடங்களில் ஒப்பிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் என்ன இருக்கிறது? விடையைக் கொடுத்துவிட்டு வைக்கும் சோதனை அது. நாங்கள் 1976 முதல் 1990 வரையில் இந்தத் திருத்தக் கணக்கை உருவாக்கி, 1991 முதல் 2005 வரையில் சோதித்தோம். மாதச் சராசரிகள் தாக்குப்பிடித்தன. மழை நாட்களின் எண்ணிக்கையும் பரவாயில்லை. உச்ச மழைகள் ஆடிப்போயின. முதல் பதினைந்து வருடத்தில் இல்லாத 1992 இரண்டாம் பகுதியில் இருக்கிறது. திருத்தக் கணக்கு கண்டறியாத மழையை அதனால் எப்படி உருவாக்க முடியும்? மழை வரும் நேரத்தையும் இந்த முறை தொடாது. மத்தியானம் பெய்த மழை திருத்திய பிறகும் மத்தியானம்தான் பெய்யும், கொஞ்சம் அழகான அளவில்.

நிஜமான முன்னேற்றம் கட்டத்தைச் சுருக்குவதில் இருக்கிறது. நான்கு கிலோமீற்றருக்குக் கீழே போனால் இடிமுகிலை ஊகிக்கத் தேவையில்லை, மொடல் நேரடியாகவே அதை எழுப்பும். மழை நேரமும் உச்சமும் நன்றாகத் திருந்துகின்றன என்று உலகின் பல பகுதிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டத்தைப் பாதியாக்கினால் கணிப்பு வேலை எட்டு மடங்கு அளவுக்கு ஏறும். எங்கள் ஒபிஸ் லப்டொப்பில் நடக்கிற காரியமில்லை.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் சொல்லவேண்டும். எங்கள் கிளையன்ட் எங்களிடம் வருவதற்கு முன்னால் வேறொரு ஆலோசனை நிறுவனத்திடம் காசு கொடுத்து ஒரு காலநிலை அறிக்கை வாங்கியிருந்தார். வழவழப்பான தாள், ஒரு கிலோமீற்றர் துல்லியத்தில் கொழும்பு வரைபடம், ஒவ்வொரு வீதிக்கும் ஒரு நிறம். அடியில் சின்ன எழுத்தில் மூலத்தரவு கோர்டெக்ஸ் 50 கிலோமீற்றர். நான்கு கட்டத்துக்கு நடுவே நிறத்தை இழைத்து விட்டால் அது துல்லியம் ஆகிவிடுமா? ஹவ்லொக் வீதிக்கும் காலி வீதிக்கும் இடையில் அவர்கள் காட்டிய வித்தியாசம் முழுக்கக் கணினியின் வர்ணப்பூச்சு. மழைமானியோடு ஒப்பிட்ட ஒரு பக்கமும் அதில் இல்லை. இலவசத் தரவுக்கு இப்படி விலை போடுகிறவர்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ஒக்டோபர் மாதத்துக்கு அவதானிப்பையும் மொடலையும் ஒரே படத்தில் காட்டுங்கள்."

வெப்பநிலைக்கு வந்தால் முகத்தில் சிரிப்பு வரும். அங்கே இந்தத் தரவு நல்ல தரவு. எல்லா மொடலும் ஒரே திசையைக் காட்டுகின்றன, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். நுவரெலியா மொடலில் நிஜத்தைவிடச் சூடாக இருக்கும், ஏனென்றால் மொடலின் மலை உயரம் குறைவு. ஒரு கிலோமீற்றருக்கு 6.5 பாகை என்ற பாடப்புத்தகக் கணக்கால் உயர வித்தியாசத்தைக் கழித்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். குளிரூட்டல் வடிவமைப்பவர்கள், வேலைத்தள வெப்பம் பற்றி யோசிப்பவர்கள், தேயிலை ஆய்வுக்காரர்கள் தாராளமாக எடுங்கள்.

புள்ளி போடச் சொன்னால் வெப்பநிலைக்கு ஐந்துக்கு நாலரை. மாத மழையின் போக்குக்கு மூன்று, அதுவும் ஐந்தாறு மொடலைச் சேர்த்து எடுத்தால். கொழும்பின் நாள் மழைக்கு ஒன்றரை. மணித்தியால மழைக்குப் புள்ளி போட எனக்கு மனமில்லை. பாவனை வசதிக்கு இரண்டு. ஆவணம் விஞ்ஞானிக்கு எழுதப்பட்டது. இறக்குவதற்கு ஐரோப்பிய கொப்பர்னிக்கஸ் தளம் பழக இலகுவானது. கோப்புகளை வெட்டவும் கட்டம் மாற்றவும் ஹம்பர்க்காரர்களின் சிடிஓ என்ற இலவசக் கருவியைப் பழகிக்கொள்ளுங்கள், மழையைப் புதுக் கட்டத்துக்கு மாற்றும்போது மொத்தத்தைக் காப்பாற்றும் முறையைத் தெரிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு மொடலின் தரைப்பங்குக் கோப்பையும் (எந்தக் கட்டத்தில் எவ்வளவு தரை என்று சொல்வது) உயரக் கோப்பையும் இறக்குங்கள், சிறியவைதான். முழு மழைத் தரவையும் இறக்கிய பிறகு உங்கள் ஊர் கடலுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பதற்கு இது மேல். உரிமத்தையும் வாசியுங்கள். சில மொடல்களை யாரும் எதற்கும் பாவிக்கலாம், சிலவற்றை ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டும்தான். காசு வாங்கி அறிக்கை எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சில மொடல்களை ஆரம்பத்திலேயே வெட்டிவிடுகிறது.

கிருலப்பனை வேலையில் மொடலின் நாள் மழையை நேரடியாகக் கானுக்குள் ஊற்றவில்லை. கொழும்பு நிலையத்தின் பழைய பதிவிலிருந்து வந்த மழைச் செறிவு வளைவை (எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு வேகத்தில் மழை கொட்டும் என்று காட்டுவது) அடித்தளமாக வைத்துக்கொண்டு, எதிர்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் இடையிலான மாற்ற வீதத்தை மட்டும் மொடல்களிடம் கேட்டோம். சில கூட்டின, ஒன்று குறைத்தது. சூடு ஒரு பாகை ஏறினால் காற்று சுமார் 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்ற பௌதிகவியல் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைத்ததை நம்பாமல் ஒரு வீச்சைத் தெரிவு செய்தோம். சொந்தக்காரருக்கு வீச்சு பிடிக்கவில்லை. "ஒரே எண் சொல்லுங்க மிஸ்" என்றார். மேல் எல்லையைச் சொன்னேன். குழாய் ஒரு அளவு பெரிதானது, அது பெரிய செலவில்லை. ஆனால் கால்வாய் நிரம்பி நிற்கும் நேரத்தில் எவ்வளவு பெரிய குழாயாலும் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. கால்வாய் மட்டத்தைப் பற்றி கோர்டெக்ஸுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகக் கார் தரிப்பிடத்துக்குக் கீழே ஒரு தேக்கத் தொட்டி கேட்டோம். இரண்டு காருக்கான இடம் போகும் என்றதும்தான் மனிதர் உண்மையிலேயே பேரம் பேசத் தொடங்கினார். கடைசியில் ஒரு காருக்கான இடத்தோடு ஒத்துக்கொண்டார், தொட்டியை ஆழமாக்கிக்கொண்டோம்.